ஏழுக்கும் ரெண்டுக்கும் நடுவுல

பச்சைப் பையையா சொன்னீங்க? இந்தா, சீட்டுலேருந்து எடுத்துட்டேன். உக்காருங்கக்கா, தாராளமா உக்காருங்க. சேரன்மாதேவியா நீங்க? நான் அம்பாசமுத்திரம் போறேன், அண்ணன் வீட்டுக்கு. ஆனா ஒண்ணு சொல்லுதேன், தப்பா நெனைக்காதீங்க. இந்தப் பை பச்சை இல்ல. இது ஆனந்தா நீலம். உங்க கண்ணுக்குப் பச்சையாத் தெரியுது. தெரியட்டும், அதுல குத்தம் ஒண்ணுமில்ல. எனக்குத்தான் யாராவது கலர மாத்திச் சொன்னா காதுக்குள்ள எறும்பு போன மாதிரி இருக்கும்.

தொழில் அப்படி. திருநெல்வேலி டவுன்ல ரத வீதியில ஒரு மேட்சிங் கடையில நிக்கேன். ஜாக்கெட் துணி மட்டும்தான் எங்க கடையில. இருவத்திரெண்டு வருசமாச்சு. நீங்க சேலைய விரிச்சீங்கன்னா போதும், நான் திரும்பிக்கூடப் பாக்காம கையை நீட்டி அதுக்குச் சரியான துணிக்கட்டை உருவிருவேன். சண்முகவடிவுன்னு பேரு. வடிவுன்னு கேட்டா கடைத்தெருவுல தெரியும்.

என் கண்ணுக்குக் காலேஜிலயே சோதனை வச்சிருக்காவ, தெரியுமா? சிரிக்காதீங்க. கண்ணாஸ்பத்திரி இல்ல, காலேஜு. நீங்க கேக்கலன்னாலும் சொல்லுதேன். வண்டி எடுக்க இன்னும் நேரம் கெடக்கு, டிரைவரு இப்பந்தான் டீ குடிக்கப் போறாரு.

போன தீபாவளி முடிஞ்ச மறு வாரம். தீபாவளி முடிஞ்சா மேட்சிங் கடையில நாங்க ஈ ஓட்டணும். அப்பம் ஒரு புள்ள வந்து நின்னா. பெர்சிஸ்னு பேரு. கண்ணாடி போட்டுக்கிட்டு, ஒல்லியா, நடந்தா செருப்புச் சத்தம்கூட வராது. பாளையங்கோட்டையில ஒரு காலேஜில ஆராய்ச்சி பண்ணுதாளாம். எங்க முதலாளிகிட்ட, "சார், உங்க கடையில வேலை செய்றவங்க கலர எப்படிப் பாக்கிறாங்கன்னு அளக்கணும்"னு கேட்டா.

முதலாளி ஸ்கேலை எடுத்து மேஜையில வச்சாரு. "மீட்டர்லயா, சென்டியிலயா?"

பாவம் அந்தப் புள்ள, சிரிக்கவா வேண்டாமான்னு முழிச்சா. பொறவு வெவரமாச் சொன்னா. ரெண்டு கலரைப் பக்கத்துல வச்சா, ஒருத்தருக்கு ஒண்ணுபோலத் தெரியும், ஒருத்தருக்கு வேற வேறயாத் தெரியும்லா? எவ்வளவு வேறயாத் தெரியுதுன்னு எண்ணால சொல்லணும். துளி வித்தியாசம்கூட இல்லன்னா பூஜ்யம். இதுக்கு மேல வித்தியாசமே கெடையாதுன்னா பத்து. நாள் பூரா கலருக்குள்ளயே கெடக்கிற எங்களை மாதிரி ஆளுங்க ஒரு பக்கம், துணிக்கடைக்குச் சம்பந்தமில்லாத பொம்பளைங்க ஒரு பக்கம். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிப் பாக்காங்களா, இல்ல வேற மாதிரியா? இதான் ஆராய்ச்சி. வந்து உக்காந்தா ஒரு எவர்சில்வர் டப்பா தருவாளாம்.

நான்தான் மொத ஆளா வாரேன்னேன். டப்பாக்காக இல்ல. டப்பா எங்க வீட்டுலயே கெடக்கு. எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருந்துச்சு. அதச் சொல்லணும்னா எங்க மதினி கதைய முதல்ல சொல்லணும்.

மதினின்னா அண்ணன் பெண்டாட்டி. உலகம்மை. நல்ல மனுசி, இல்லங்கல. ஆனா சோத்துல கல்லு கெடந்தா கல்லை எடுத்துப் போட்டுட்டுச் சாப்பிட மாட்டாவ. இலையோரத்துல வச்சு எல்லாரும் பாக்கட்டும்னு இருப்பாவ. அந்தக் குணம்.

முந்தின வருசம் ஆவணியில அவுக மவன் கல்யாணம். மாப்பிள்ளையப் பெத்தவுகல்லா, நல்ல மயில் கழுத்துப் பட்டு எடுத்திருந்தாவ. மயில் கழுத்துன்னா என்ன கலரு, சொல்லுங்க பாப்போம்? நீலமா, பச்சையா? பாத்தியளா, முழிக்கீங்க. அதுதான் மயில் கழுத்து. இப்படித் திருப்புனா நீலம், அப்படித் திருப்புனா பச்சை. சேலையோட வந்த ஜாக்கெட் துணிய டெய்லரு கை அளவு தப்பா வெட்டிப் பாழாக்கிட்டான். கல்யாணத்துக்கு நாலே நாளு. மதினி சேலையோட உள்முனையில விரல் நீளத்துக்கு வெட்டி என்கிட்ட குடுத்து, "வடிவு, உன்னை நம்பித்தான்"னாவ.

நான் வெட்டிக் கொண்டு குடுத்தேன். சரியா இருக்கான்னு கேட்டாவ. ஒண்ணுதான் மதினின்னேன்.

அன்னைக்கு எங்க கடையில அந்தக் கட்டுத் தீந்து போயிருந்துச்சு, அது வேற விசயம். அதுக்குப் பக்கத்துக் கட்டுல வெட்டுனேன். பக்கத்துக் கட்டுன்னா அண்ணன் தம்பி மாதிரி, ஒரே சாடை. எதுத்த கடையில சரியானது இருந்திருக்கும். ஆனா நீங்களே சொல்லுங்க, இருவத்திரெண்டு வருசம் ஒரு கடையில நின்னுட்டு எதுத்த கடைப் படி ஏறுவியளா? ஏற மாட்டீங்கல்லா.

கல்யாணத்தன்னைக்கு வீடியோக்காரன் லைட்டப் போட்டான். சவம், அவன் லைட்டுதான் எல்லாத்துக்கும் காரணம். சேலை நீலத்துல நிக்கி, ஜாக்கெட் பச்சையில நிக்கி. சம்பந்தியம்மா சும்மா இருக்காம, "ஜாக்கெட் தனியா எடுத்தீங்களோ?"ன்னு கேட்டுப்புட்டாவ. அவ்வளவுதான். மதினி முந்தானைய எடுத்துத் தோளைச் சுத்திப் போத்துனவுக, தாலி கட்டி முடியிற வரைக்கும் எடுக்கல. ஆவணி மாசத்து வேக்காடு. பாக்கிறவங்க எல்லாரும் "குளிருதா, காய்ச்சலா?"ங்காவ. ஆல்பத்தைப் பாத்தா, மாப்பிள்ளையப் பெத்தவுக ஆஸ்பத்திரியிலேருந்து நேரா மண்டபத்துக்கு வந்த மாதிரியே இருக்கு.

அதோட விட்டாவளா? பந்தியில நான் உக்காந்திருக்கேன், பாயாசம் ஊத்துதாவ. மதினி வந்து நின்னு, ஒரு பந்தி சனத்துக்கும் கேக்கும்படியாச் சொன்னாவ: "வடிவுக்குத் துணி கிழிக்கத் தெரியும். கலர் தெரியாது."

என்னைப் போயி! கலர் தெரியாதாம். பாயாசத்தை அப்படியே வச்சுட்டு எந்திரிச்சேன். அன்னையிலேருந்து பேச்சுவார்த்தை கெடையாது. பொங்கலு போச்சு, சித்திரை போச்சு, அடுத்த தீபாவளியும் போச்சு. அண்ணன் மட்டும் வெளியில வந்து நின்னு போன் பண்ணும். குரலைத் தாழ்த்தி, "மருமவ முழுவாம இருக்கா வடிவு. மாசியில வளைகாப்பு. உங்க மதினிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிரு, எல்லாம் சரியாயிரும்"னு. நான் என்னத்துக்குச் சொல்லணும்? நான் என்ன தப்புப் பண்ணினேன்?

அந்த நேரத்துலதான் பெர்சிஸ் வந்தா. எனக்குப் பளிச்சுன்னு தோணிச்சு. நான் இவகிட்டச் சோதனை குடுக்கேன், மதினியையும் குடுக்க வைக்கேன். யாரு கண்ணு சரி, யாரு கண்ணு கோளாறுன்னு காலேஜே சொல்லட்டும். பொறவு பந்தியில பேசட்டும், பாப்போம்.

நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவுல பத்துத் துணி வேணும்னு பெர்சிஸ் சொல்லிட்டா. கட்டுக் கட்டா எறக்கிப் போட்டேன். பத்தும் அவளேதான் பொறுக்குனா, நான் வெட்டி மட்டும்தான் குடுத்தேன். அவ பொறுக்குனதுல மதினிக்கு வெட்ட வேண்டிய மயில் கழுத்தும் இருந்துச்சு, அது பொறவு புதுசா வந்த கட்டு; அன்னைக்கு வெட்டின பக்கத்துக் கட்டும் இருந்துச்சு. சாமி சத்தியமா நான் ஒண்ணும் சொல்லல. ஒருவேளை அந்தக் கட்டைக் கொஞ்சம் முன்னால தள்ளி வச்சிருப்பேன்.

எனக்குச் சோதனை எங்க கடை மாடியிலேயே நடந்துச்சு. உள்ளுக்குள்ள சாம்பல் பெயிண்டு அடிச்ச ஒரு பெட்டி, மேல ஒரு பல்பு. ஜன்னலை எல்லாம் அடைச்சுட்டா. சாம்பல் அட்டையில துணிய ஒட்டி, ரெண்டு ரெண்டாப் பெட்டிக்குள்ள வைப்பா. பத்துத் துணிய ஜோடி ஜோடியாச் சேத்தா நாப்பத்தஞ்சு ஜோடி வருமாம்.

மொத ஜோடிய வச்சா. "ஒண்ணுதான்"னேன்.

"நம்பர் சொல்லணும் ஆன்ட்டி."

"பூஜ்யம்."

அடுத்த ஜோடி. "இதுவும் ஒண்ணுதாம்மா. வேணும்னா ஒண்ணுன்னு போட்டுக்கோ."

அடுத்தது. "கிட்டத்தட்ட ஒண்ணு. துவைச்சா சரியாயிரும்."

அந்தப் புள்ள பேனாவ வச்சுட்டு என்னையப் பாத்தா. "ஆன்ட்டி, இங்க யாரும் வாங்க வரல. உங்க கண்ணுக்குத் தெரியிறதச் சொன்னாப் போதும்."

"நான் தெரியிறதத்தாம்மா சொல்லுதேன்"னேன். உண்மையத்தான் சொன்னேன். எனக்குப் பொய் வராது. கடையில ஒருத்தி சேலையோட வந்து நின்னா, இது ஒண்ணுதானான்னு கேப்பா. ஒண்ணுதான்னு சொல்லணும். சொல்லிச் சொல்லி ஒண்ணாத்தான் தெரியுது. அது கண்ணோட பழக்கம், பொய்யில்ல.

நடுவுல ஒரு ஜோடி வந்துச்சு. நல்லாப் பாத்தேன். எனக்கு ஒரு சந்தேகம் தட்டுச்சு, இந்தப் புள்ள ஏதோ சூது பண்ணுதான்னு. மூணுன்னு சொன்னேன். அவ பேனா அப்படியே நின்னு போச்சு. "மூணா ஆன்ட்டி?"ன்னா. "மூணுதான், எழுது"ன்னேன். பொறவுதான் சொல்லுதா, அது நாப்பத்தஞ்சுல சேராத ஜோடியாம், ரெண்டும் ஒரே துணியிலேருந்து வெட்டின துண்டாம். பாத்தியளா? ஒரே துணிக்குள்ள இருக்கிற வித்தியாசம் என் கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கு. வேற யாருக்காவது தெரியுமா?

எங்க விட்டேன்? ஆங், மதினி. பெர்சிஸுக்கு, நாப்பத்தஞ்சு வயசுக்கு மேல, துணிக்கடைப் பழக்கமில்லாத பொம்பளைங்க வேணுமாம். அம்பாசமுத்திரத்துல உலகம்மைன்னு ஒருத்தங்க இருக்காங்க, ரொம்ப நல்லாப் பாப்பாங்க, என் பேரைச் சொல்லாதேன்னு நம்பரு குடுத்தேன். மதினிக்கு இந்த மாதிரி விசயம்னா பிடிக்கும். பஸ் ஏறிப் பாளையங்கோட்டைக்கு வந்து காலேஜில உக்காந்து சொல்லிட்டுப் போயிருக்காவ. டப்பாவையும் மூடி சரியா இருக்கான்னு பாத்துத்தான் வாங்குனாவளாம்.

பொறவு தை மாசம் பெர்சிஸ் ரெண்டாவது சோதனைன்னு வந்தா. இதுல ரெண்டு பேரு சேந்து உக்காரணும். கடைக்காரி ஒருத்தி, வீட்டுக்காரி ஒருத்தி. ஒரு ஜோடியக் காட்டுவா. ரெண்டு பேரும் கலந்து பேசி, ஒரே எண்ணாச் சொல்லணும். எப்படி ஒத்துப் போறாங்கன்னு பாக்கணுமாம்.

"எனக்கு அந்த அம்பாசமுத்திரத்து அம்மாவைப் போடு"ன்னேன்.

"சீட்டுப் போட்டு எடுக்கணும் ஆன்ட்டி."

"எடு, எனக்கென்ன. ஆனா அவங்களுக்கும் எனக்கும்தான் நல்லா ஒத்துப் போகும்."

என்ன நெனைச்சாளோ, அவங்களையே போட்டா.

அன்னைக்கு நான் காலேஜுக்கு முன்னாடியே போயி உக்காந்துட்டேன். மதினி வந்தாவ. கதவுகிட்ட என்னையப் பாத்தாவ. அப்படியே நின்னாவ. திரும்பிப் போயிருப்பாவ. ஆனா பெர்சிஸ் நாற்காலிய இழுத்துப் போட்டு, "வாங்கம்மா, உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கோம்"னுட்டா. மரியாதையாக் கூப்பிட்டா மதினியால மறுக்க முடியாது. உக்காந்தாவ. எனக்கும் அவுகளுக்கும் நடுவுல ஒரு ஆளு உக்காரலாம்.

மொத ஜோடி. மதினி பெர்சிஸைப் பாத்து, "நாலுன்னு நான் நெனைக்கேன். அவங்களுக்கு என்னன்னு கேளும்மா"ன்னாவ.

"எனக்கும் நாலுதான்னு சொல்லிரும்மா"ன்னேன்.

நடுவுல அந்தப் புள்ள தபால்காரி மாதிரி ஆயிட்டா. இப்படி ஏழெட்டு ஜோடி போச்சு. சண்டையில்ல. எனக்குக்கூட ஆச்சரியம், நான் வாயெடுக்கும் முந்தி அவுக சொன்னா அது சரியாத்தான் இருந்துச்சு.

அப்பம் வச்சா பாருங்க அந்த ஜோடிய. சேலையோட மயில் கழுத்து ஒரு பக்கம், ஜாக்கெட்டுக்கு வெட்டின பக்கத்துக் கட்டு ஒரு பக்கம். மதினி பாத்தாவ. குனிஞ்சு பெட்டிக்குள்ள தலைய விடாத குறையாப் பாத்தாவ.

"ஏழு."

"ரெண்டு"ன்னேன்.

"ஏழு."

"ரெண்டு. தாராளமாச் சொன்னா ரெண்டே கால்."

"காலு, அரை எல்லாம் வேண்டாம் ஆன்ட்டி"ன்னா பெர்சிஸ். "ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க."

"நான் என்னத்தைப் பேசணும்?"ன்னாவ மதினி. "கல்யாண மண்டபத்துல நானூறு பேரு பாத்தது. பொட்டு வச்ச குழந்தைக்குத் தெரிஞ்சது. அது ரெண்டாம்!"

"லைட்டு மதினி! அது வீடியோக்காரன் லைட்டு!"

வாய் தவறி மதினின்னுட்டேன். பெர்சிஸ் நிமுந்து பாத்தா. "நீங்க ரெண்டு பேரும் தெரிஞ்சவங்களா?"

"தெரிஞ்சவங்கதான். பேச்சுத்தான் இல்ல"ன்னாவ மதினி. "நீ எழுதும்மா, ஏழு."

"எழுதாதே. மூணு."

"ஏழு."

"மதினி, ஏழுன்னா என்னன்னு தெரியுமா? ஏழுன்னா மாம்பழ மஞ்சளுக்கும் மண்ணுக் கலருக்கும் உள்ள வித்தியாசம். நியாயமாச் சொல்லுங்க."

"சரி, ஆறு. அதுக்குக் கீழ எறங்க மாட்டேன்."

"உங்களுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். நாலு. முடிச்சுக்கிடுவோம்."

"ஆறு. கட்டுப்படியானா ஆகட்டும், இல்லாட்டி விடு."

"ஆன்ட்டி, பேரம் பேசக் கூடாது"ங்கா அந்தப் புள்ள, அழாத குறையா. "கலரைப் பாத்துச் சொல்லணும்." யாரு கலரைப் பாத்தா? நாங்க ரெண்டு பேரும் மூஞ்சிக்கு மூஞ்சி பாத்துக்கிட்டிருக்கோம். பதினேழு மாசத்துக்குப் பொறவு அன்னைக்குத்தான் பாக்கேன், மதினிக்கு முன்முடி நல்லா நரைச்சுப் போச்சு.

திடீர்னு மதினி சத்தத்தைக் குறைச்சாவ. "ஏட்டி வடிவு, எண்ணை விடு. ஒண்ணு கேக்கேன், ஒழுங்காச் சொல்லு. அன்னைக்கு வெட்டும்போது உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

பெட்டிக்குள்ள பல்பு எரியுது. நான் துணியையே பாத்துக்கிட்டிருந்தேன்.

"தெரியும் மதினி."

"பின்ன எதுக்குட்டி குடுத்தே?"

"எங்க கடையில தீந்து போச்சு. எதுத்த கடையில போயி வாங்க எனக்கு மானக்கேடா இருந்துச்சு."

மதினி கத்துவாவன்னு நெனைச்சேன். கத்தல. "ஜாக்கெட் பச்சையா இருந்துச்சுன்னா எனக்குக் கோவம்?"ன்னாவ. "சம்பந்தி கேட்டா கேட்டுட்டுப் போறா. நான் உன்கிட்டக் கேட்டேனா இல்லையா, சரியா இருக்கா வடிவுன்னு? நீ என் மூஞ்சியப் பாத்து, ஒண்ணுதான் மதினின்னு சிரிச்சே பாரு. அது கடைக்கு வாரவளுகளைப் பாத்துச் சிரிக்கிற சிரிப்பு. இருவத்தேழு வருசம் உனக்குச் சோறு போட்டவ நான். என்கிட்டயும் யாவாரமா?"

அக்கா, எனக்கு அழுகை வராது. வீட்டுக்காரரு தவறினப்பகூட ஆளுக முன்னால அழல. அன்னைக்கு என்னமோ அந்தப் பல்பு வெளிச்சம் கண்ணைக் குத்துச்சு. முந்தானையால தொடைச்சுக்கிட்டு, பெர்சிஸ்கிட்டச் சொன்னேன்: "ஏழு. எழுதிக்கோ."

மதினி உடனே, "ஏழெல்லாம் வேண்டாம். அவ்வளவு மோசமில்ல. அஞ்சு போடு"ன்னாவ.

"இல்ல, ஏழு இருக்கும் மதினி. நல்லாப் பாருங்க, நீலம் எங்க, பச்சை எங்க."

"ஏட்டி, சும்மா இரு. எனக்குக் கண்ணில்லையா? அஞ்சு."

அந்தப் புள்ள தலையில கைய வச்சுட்டா. கடைசியில ஆறுன்னு எழுதிக்கிட்டா. அதுக்குப் பொறவு என்ன ஜோடி வச்சாலும், "உங்களுக்கு எப்படித் தோணுதோ அப்படியே போடுங்க மதினி"ன்னு நானும், "இல்லட்டி, நீ பாக்கிற ஆளு, நீயே சொல்லு"ன்னு அவுகளுமா, அன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் இழுத்துருச்சு.

காலேஜ் படிக்கட்டு எறங்கும்போது மதினி என் பக்கம் திரும்பல. கைப்பிடியப் பிடிச்சுக்கிட்டே சொன்னாவ: "மாசி பதினொண்ணு. காலையிலேயே வந்துரு. வளையல் அடுக்க ஆளில்ல." மன்னிப்பு, கின்னிப்பு ஒண்ணும் கெடையாது. அவுக கேக்கல, நானும் கேக்கல.

ஆங், முடிவு என்னாச்சுன்னு கேக்கீங்க, அதச் சொல்லணும்லா. பெர்சிஸ் எங்க எல்லாருக்கும் படம் போட்டுக் கொண்டு வந்தா. எப்படிப் படம்னா, திருநெல்வேலிக்கும் சேரன்மாதேவிக்கும் இவ்வளவு தூரம், சேரன்மாதேவிக்கும் வீரவநல்லூருக்கும் இவ்வளவு தூரம்னு எல்லாத் தூரமும் தெரிஞ்சா, எந்த ஊரு எங்க இருக்குன்னு வரைஞ்சுரலாம்லா? அதே மாதிரி, நாங்க சொன்ன எண்ணைத் தூரமா வச்சுக்கிட்டு, பத்துத் துணியையும் பத்து ஊரு மாதிரிப் புள்ளி வச்சிருக்கா. ஒண்ணுபோலத் தெரியிறது கிட்டக் கிட்ட, வேறயாத் தெரியிறது தூரத் தூர.

மதினி படத்தைப் பாத்தேன். நீலத்துல ஆரம்பிச்சுப் பச்சை வரைக்கும் பத்துப் புள்ளியும் ஊரு ஊரா வரிசையா வளைஞ்சு போகுது. ரயில் பாதை தோத்துப் போகும். வீட்டுல இருக்கிற மனுசிக்கு அப்படி ஒரு கண்ணு.

"என்னுது எங்கம்மா?"ன்னேன். தயங்கித் தயங்கிக் குடுத்தா. பாத்தா, பத்துப் புள்ளியும் ஒரே எடத்துல குமிஞ்சு கெடக்கு. எல்லா ஊரும் ஒரே பஸ் ஸ்டாண்டுல வந்து நின்ன மாதிரி.

"என்னம்மா இது?"

"உங்க தாளை மட்டும் தனியா எடுத்து வச்சுட்டேன் ஆன்ட்டி. மத்தவங்களோட சேக்கல. எங்க மேடமும் அப்படித்தான் சொன்னாங்க"ன்னா.

தனியா எடுத்து வச்சிருக்காவ. முப்பது பொம்பளைங்க தாளு இருந்துச்சு அங்க, எல்லாத்தையும் ஒண்ணாக் கட்டிப் போட்டுட்டு என் தாளை மட்டும் தனியா. இருவத்திரெண்டு வருச அனுபவம்னா சும்மாவா? நான் மத்தவளுககிட்டச் சொல்லல, பொறாமைப்படுவாளுக. முதலாளிகிட்ட மட்டும் சொன்னேன். அவரு விசிறியப் போட்டுக்கிட்டாரு.

வண்டி எடுத்தாச்சு போல. கம்பியப் பிடிச்சுக்கோங்க, இவரு பிரேக் போட்டா முன் சீட்டுல போயித்தான் நிக்கணும்.

வளைகாப்புக்கு நாலு நாளைக்கு முந்தி, மத்தியானம், மதினி கடைக்கு வந்தாவ. எங்க கடைக்கு! மருமவளுக்கு எடுத்த சேலைய விரிச்சாவ. வெங்காயத் தோல் கலரு. பளபளன்னு இல்லாம, அடக்கமா, நல்ல கலரு. மருமவளுக்குப் பூசுன ஒடம்பு, அதுக்கு அளவா ஜாக்கெட் தைக்கணும்னாவ.

நான் கையை நீட்டுனேன். இருந்தது பக்கத்துக் கட்டுத்தான். சரியான கட்டு இல்ல. கை தானாப் போயி அதை உருவிருச்சு, பொய் சொல்லுவானேன். பலகையில போட்டேன். மதினி ஒண்ணும் கேக்கல. சும்மா நின்னுக்கிட்டிருந்தாவ. கேட்டிருந்தா ஒருவேளை என் வாயி பழக்கத்துல சொல்லியிருக்கும். கேக்கல.

"மதினி, இதுக்கு எங்க கடையில இல்ல"ன்னேன்.

முதலாளி தலைய நிமித்துனாரு.

"எதுத்த கடையில இருக்கும். வாங்க."

இருவது எட்டுல தாண்டிரலாம்கா அந்த ரோட்டை. இருவத்திரெண்டு வருசமா எங்க பக்கம் நின்னே பாத்த ரோடு. சேலைய நான் தூக்கிக்கிட்டேன், மதினி பின்னால வாராவ. எதுத்த கடைப் புள்ளைக வேலைய விட்டுட்டு வாயப் பொளந்துக்கிட்டு நிக்காளுக. திரும்பிப் பாத்தா எங்க முதலாளி வாசப்படியில நிக்காரு. ரெண்டு நாளு அவரு என்கூடப் பேசல, அது கெடக்கட்டும். அந்தப் புள்ளைககிட்ட, மேலேருந்து மூணாவது வரிசை, எடதுபக்கம்னேன். அவளுக கடையில என்ன எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா என்ன!

கட்டை எறக்குனாளுக. நான் துணி முனையப் பிடிச்சு வாசலுக்குக் கொண்டு வந்து, வெயில்ல சேலையோட வச்சேன்.

"என்னட்டி, சரியா இருக்கா?"ன்னாவ மதினி.

நல்லாப் பாத்தேன். தலையச் சாய்ச்சுப் பாத்தேன், நிழல்ல வச்சுப் பாத்தேன். எனக்குப் பொய் வராதுன்னு சொன்னேன்லா.

"ஒரு பொடி வித்தியாசம் இருக்கு மதினி. ரெண்டு சொல்லலாம்."

மதினி துணிய என் கையிலேருந்து வாங்கி எதுத்த கடைப் புள்ளகிட்டக் குடுத்தாவ. "எம்பது சென்டி கிழிம்மா"ன்னாவ. "ரெண்டுதானே. யாரு பாக்கப் போறா?"